ஒல்லாந்தக் காட்டேரியின் முகம்

என் மகள் படம் எடுக்கிறாள் என்பதை மச்சாளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பொடியனின் முகம். சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி வெள்ளை. உதடு மட்டும் கடும் சிவப்பு. கீழே, ‘மருமகள்ர முதல் படம், ஒப்பனை மாமி’ என்று எழுதி மூன்று இதயமும் போட்டிருந்தாள். எனக்குக் கண் எரிந்தது. கையில் வெங்காயம் இருந்தபடியால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மச்சாள் என் புருஷனின் தங்கை. முகம் செய்வது அவளுடைய தொழில். என்னுடைய தொழிலும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், அவள் செய்துவிட்டவர்கள் எழும்பிப் போய்க் கண்ணாடி பார்ப்பார்கள். நான் செய்துவிடுகிறவர்கள் எழும்ப மாட்டார்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு மலர்ச்சாலையில் வேலை செய்கிறேன். எம்பாம் பண்ணுகிறவர் தன் வேலையை முடித்துக் கை கழுவிய பிறகு எனக்குப் போன் வரும். தன்னாமுனையிலிருந்து பஸ் ஏறிப் போய், பெட்டிக்குள் கிடப்பவரை அவருடைய பிள்ளைகள் பார்த்துப் பயப்படாதபடி ஆக்கிக் கொடுத்துவிட்டு வருவேன். நிறம் குழைப்பதில் என்னைப் பிடிக்க ஆளில்லை. கடையில் விற்கிற முகப்பவுடர் எல்லாம் நம்முடைய தோலைவிட இரண்டு படி வெள்ளை. நான் அதைத் தொடுவதில்லை. வெயிலில் நின்று நெல் வெட்டியவருக்கு ஒரு நிறம், கந்தோருக்குள் நிழலில் இருந்தவருக்கு இன்னொரு நிறம் என்று நானே குழைத்து வைத்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் எனக்கும் மணப்பெண்கள் வந்தார்கள். இரண்டு பெட்டி வைத்திருந்தேன். மணப்பெண்களுக்குச் சிவப்பு, செத்தவர்களுக்கு நீலம். ஒன்றின் சாமான் ஒருநாளும் மற்றதற்குள் போனதில்லை. ஆனால் ஊர் நம்ப வேண்டுமே. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய் என் பிரஷ்ஷை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். அப்படியே திருப்பித் தந்தாள். அதற்குப் பிறகு எவளும் வரவில்லை. அந்த நேரத்தில் கட்டாரிலிருந்து திரும்பியிருந்த மச்சாள் களுவாஞ்சிக்குடியில் சலூன் போட ஓடித்திரிந்தாள். வீட்டு வேலைக்கென்று போனவள், அங்கே ஒரு சலூனில் தரை கூட்டச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கெட்டிக்காரி. இந்தச் சொல்லை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. சும்மாதானே கிடக்கிறது என்று சிவப்புப் பெட்டியை நானே தூக்கி அவளிடம் கொடுத்தேன். ராசியான பெட்டி என்று இன்றைக்கும் அதைத்தான் கொண்டு திரிகிறாள். தை பிறந்தால் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

பெட்டி போனது போகட்டும். மணப்பெண்கள் போனதும் போகட்டும். மகள் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் படிவங்களில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவள் ‘அழகுக்கலை’ என்று எழுதுவாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கம்பஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு சனியும் ஞாயிறும் மாமி வீடு என்றாகிவிட்டது. திரும்பி வரும்போது தலையில் மாமியின் சலூன் மணம், வாயில் மாமியின் பேச்சு. ‘மாமி சொன்னா’ என்று அவள் தொடங்கினாலே எனக்கு நெஞ்சுக்குள் புகையும். தனக்குப் பிள்ளை இல்லாததற்கு என் பிள்ளையில் பாதியை எடுத்துவிட்டாள் என்று புருஷனிடம் சொன்னேன். அவர் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்க ரெண்டு பேர்ர வழக்குக்கும் நான் வரல்ல என்று சொல்லிவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே மச்சாளால்தான். அவளுடைய புருஷன் வாவியில் தோணி கவிழ்ந்து போனவர். அப்போது நான் கல்யாணம் முடித்து எட்டு மாதம். அவருடைய முகம்தான் நான் செய்த முதல் முகம். அதைப் பார்த்த மலர்ச்சாலைக்காரர்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக்குள் நான் இருந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மகள் வந்ததும் போனை அவள் முன்னால் வைத்தேன். அவள் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு அவளுக்கே உற்சாகம் வந்து கதையைச் சொல்லத் தொடங்கினாள். ஒல்லாந்தர் காலத்தில் நம்முடைய கோட்டையில் காய்ச்சலில் செத்துப்போன ஒரு படை அதிகாரி, முந்நூறு வருஷம் கழித்து இரத்தம் குடிக்கிற காட்டேரியாக எழும்பி வாவிக்கரைக்கு வருகிறான். குறும்படப் போட்டி ஒன்றுக்கு அனுப்பப் போகிறார்கள். அவளும் கூடப் படிக்கிற நாலு பேரும் சட்டையின் பொத்தான் எத்தனை, சப்பாத்தின் மூக்கு வட்டமா சதுரமா என்பது வரை தேடிப் பிடித்திருக்கிறார்கள். எல்லாம் வரலாற்றுப்படி சரியாக இருக்க வேண்டுமாம். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் பிழை பிடிக்கிறவர்களாம்.

அப்படியென்றால் முகத்துக்கு ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு கேட்க நினைத்தேன், சிரிப்பு வரவில்லை.

“உங்கட வேல வேறதானேம்மா,” என்றாள்.

அதில் கோபமும் இல்லை, இளக்காரமும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் எனக்குப் போய்க் குத்தியது.

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன், மறைக்கவில்லை. முகம் வெள்ளை, சரி. பல் இரண்டு கூராக நீட்டிக்கொண்டு நின்றது. தலைமயிரை மச்சாள் எண்ணெய் வைத்துப் படிய வாரி, அதில் ஒரு கற்றையை இடது காதுக்கு மேலால் இழுத்து விட்டிருந்தாள். கழுத்துக் கொலரைத் தூக்கி விட்டிருந்தாள். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை, இடப்பக்கம் காது வரை ஏறி நின்றது, வலப்பக்கம் தாழ்ந்து கிடந்தது. கட்டாரில் படித்த தொழிலின் இலட்சணம் இதுதான் என்று நினைத்தேன். பொறாமை பிடித்தவளுக்குக் கண் கூர்மை என்பார்கள் சிலர். எனக்கு அன்றைக்குக் கண் இருந்ததே தவிர, பார்க்கவில்லை.

பிறகு தேடத் தொடங்கினேன். மூன்று நாள் மத்தியானச் சமையல் பிந்தியது. இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. போனிலேயே தமிழாக்கி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஒல்லாந்தர் நம்முடைய கோட்டையில் இருந்த அதே காலத்தில், ஐரோப்பாவின் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களில் சனங்கள் இரத்தக் காட்டேரி என்று பயந்து புதைகுழிகளைத் தோண்டியிருக்கிறார்கள். தோண்டிக் கண்டதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதில் வெளிறிய முகமும் இல்லை, ஒட்டிய கன்னமும் இல்லை, கூரான பல்லும் இல்லை. காட்டேரி என்று அவர்கள் கண்டது உப்பிப் பருத்த உடம்பு. சிவந்து கறுத்த முகம். வாயோரத்தில் இரத்தம். நகம் வளர்ந்த மாதிரித் தெரிந்தது. உடுப்பு என்று பார்த்தால் பிணத்தைச் சுற்றிய வெள்ளைத் துணி. பல்லும், வெள்ளை முகமும், கொலர் வைத்த மேலங்கியும் பின்னால் வந்த கதைக்காரரும் நாடகக்காரரும் போட்டுவிட்டவை.

குசினிக்குள் தனியே நின்று சிரித்தேன். பாவம் அந்தச் சனங்கள். அது காட்டேரியா? அது மண்ணுக்குள் சில நாள் இருந்த எந்த மனிதரும்தான். உடம்புக்குள் காற்றுக் கட்டினால் வயிறு உப்பும், முகம் வீங்கும். உள்ளே இருக்கிற நீர் வாயாலும் மூக்காலும் வரும். தோல் சுருங்கும்போது நகம் நீண்ட மாதிரித் தெரியும். பிந்திக் கிடைக்கிற பிரேதங்களில் நான் கண்டு, யாரும் காணாமல் மறைத்து அனுப்புகிற முகம். வெள்ளைக்காரனும் செத்து மூன்றாம் நாள் நம்முடைய நிறம்தான். களுவாஞ்சிக்குடிச் சலூனில் இது ஒன்றும் கற்றுத் தர மாட்டார்கள்.

மகளை இருத்தி வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொத்தான் சரியாம், சப்பாத்து சரியாம், முகம் மட்டும் முந்நூறு வருஷம் பிழையாம், பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டேன். அவள் முதலில் போனைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், நகம் ஏன் அப்படித் தெரியும் என்று அவளே கேட்டாள். என் வேலையைப் பற்றி என் மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாழ்க்கையில் யாரும் நகத்தைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் மாமியிடம் சொல்லியாகிவிட்டதே என்று அவள் இழுத்தாள். மாமி வரட்டும், நான் சும்மா செய்து காட்டுகிறேன், எது சரி என்று நீங்களே பார்த்து எடுங்கள் என்றேன். என்னுடைய குரல் எனக்கே இனிப்பாகக் கேட்டது. உள்ளே இருந்தது வேறு. மச்சாள் செய்ததைப் பக்கத்தில் வைத்து, என்னுடையதைக் காட்டி, மகள் வாயால் ‘அம்மாதான்’ என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

படப்பிடிப்பு எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். பின்வளவு முடிகிற இடத்தில் வாவி. ஒரு சனிக்கிழமை யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்துப் பகலிலேயே விறாந்தையை இருட்டாக்கினார்கள். மச்சாள் பதினொரு மணி பஸ்ஸில் வருவதாக இருந்தது. நடிக்கிற பொடியனை மகள் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். நான் அவனுக்குப் போன் பண்ணி எட்டு மணிக்கே வரச் சொன்னேன். அவள் வந்து பெட்டியைத் திறக்க முன்னம் முகம் முடிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட அற்பத்தனங்களுக்கு எனக்கு நல்ல மூளை.

நீலப் பெட்டியை நான் திறக்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் முகம். புதுப் பிரஷ் வாங்கினேன், நிறங்களைப் புதிதாகக் குழைத்தேன். கன்னத்துக்குள் பஞ்சு வைத்தேன். மெல்லிய கடதாசியைப் பசையில் தோய்த்துக் கண்ணைச் சுற்றி ஒட்டி இமைகளை உப்ப வைத்தேன். சிவப்பு, அதற்கு மேல் மண்ணிறம், தாடைக்குக் கீழே கறுப்பு. சீனிப்பாகில் நிறம் கலந்து மூக்கோரத்திலும் வாயோரத்திலும் வழிய விட்டேன். கூரான பல்லையும் மேலங்கியையும் தூர எடுத்து வைத்துவிட்டு வெள்ளைத் துணியால் சுற்றினேன். வேலை நன்றாக ஓடும்போது கை தன்பாட்டில் போகும். என் கை இடது காதுக்குப் போனது. காதின் மடலை மெழுகால் மூடி, விளிம்பை ஏதோ கொறித்த மாதிரி ஆக்கினேன். நான் வாசித்த எதிலும் காதைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. ஏன் செய்தேன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

கறுப்புத் துணியை விலக்கிப் பொடியனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட வந்த பிள்ளைகள் இரண்டு பேர் பின்னுக்குப் போனார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் மட்டும் கிட்ட வந்தாள். அவனுடைய முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “இது எங்கட அம்மா செஞ்சது,” என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னாள். நான் செய்ததென்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அந்த நேரம்தான் மச்சாள் வந்தாள். விறாந்தை வாசலில் நின்றாள். கையில் சிவப்புப் பெட்டி. வெயிலுக்குள்ளால் வந்தவளுக்குக் கண் பழகச் சற்று நேரம் எடுத்திருக்கும். நான் வெற்றி பெற்றவளின் முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். பொடியனுக்குக் கிட்டப் போனாள். அவன் பஞ்சு வைத்த வாயால் சிரிக்கப் பார்த்தான். அவள் அவனுடைய சிரிப்பைப் பார்க்கவில்லை. இடது காதைப் பார்த்தாள்.

“மச்சாள்,” என்றாள் என்னிடம் திரும்பாமல். “அவர் இப்பிடியா இருந்தவர்?”

யார் மாமி என்று மகள் கேட்டாள். எனக்கு அப்போதுதான் என் கை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது.

அது மாரி காலம். பின்னேரம் வலை போடப் போன மச்சாளின் புருஷனை மறுநாள் மத்தியானம் கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், விசாரணை முடிந்து, பெட்டி வீட்டுக்கு வரும்போது பொழுது சரிந்துவிட்டது. திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மச்சாள் பெட்டியின் மேல் விழுந்து, முகம் பார்க்காமல் தூக்க விடமாட்டேன் என்று கிடந்தாள். என் புருஷன் என்னிடம் வந்தார். ஏதாவது செய் என்றார். வேறு யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் அப்போது என் வயிற்றில். இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் என்னை அந்த அறைப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.

என்னிடம் இருந்தது என் கல்யாணத்துக்கு வாங்கிய சாமான்தான். நிறம் குழைக்க எனக்கு அப்போது தெரியாது. அவர் நல்ல கறுப்பு. வாவி வெயிலில் நின்று வந்த கறுப்பு. என்னுடைய மணப்பெண் பவுடரோ, எல்லாருடையதையும் போல, எனக்கே வெள்ளை. வீக்கத்தையும் கறுத்த இடங்களையும் மூட அதை அள்ளி அள்ளிப் பூசினேன். அவர் வெள்ளைக்காரர் மாதிரி ஆகிவிட்டார். உதடு நீலமாக இருந்தது. என் கல்யாண உதட்டுச்சாயத்தைப் போட்டேன். அது கடும் சிவப்பு. தண்ணீரில் கலைந்த மயிரைப் படிய வைக்கத் தேங்காய் எண்ணெய் வைத்தேன். இடது காதை வாவி நண்டுகள் கொறித்துவிட்டிருந்தன. ஒரு கற்றை மயிரை அதற்கு மேலால் இழுத்தேன். அது போதவில்லை. கல்யாண சேட்டின் கொலரை அந்தப் பக்கம் மட்டும் உயர்த்தி ஊசி குத்தி நிறுத்தினேன். பிறகு கதவைத் திறந்து மச்சாளைக் கூப்பிட்டேன்.

அவள் பார்த்தாள். அழகாக இருக்கிறார் என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூட விட்டாள்.

வெள்ளை முகம், சிவந்த உதடு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய மயிர், ஒரு பக்கம் உயர்ந்த கொலர். இத்தனையையும் போனில் வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் பிழை பிடித்தேனே, ஒன்றையாவது அடையாளம் கண்டேனா? அவள் செய்ததை அல்ல, நான் செய்த முதல் முகத்தைத்தான் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அதை விடவும் ஒரு பாவம் செய்தேன். இருபத்திரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்ததை, மகளின் ஒரு பார்வைக்காக, மச்சாள் வருகிற நேரம் பார்த்து விறாந்தையில் நிறுத்தி வைத்துவிட்டேன்.

மச்சாள் இன்னும் காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் அந்தப் பெருமை இன்னும் இருந்தது. கொஞ்ச நேரம், உண்மையாகவே கொஞ்ச நேரம், அதை விட எனக்கு மனம் வரவில்லை.

“இல்ல,” என்றேன். “அவர் நீ கண்ட மாதிரித்தான் இருந்தவர். இது நான் போன்ல பாத்துச் செஞ்சது. பிழையா வந்திட்டு.”

மகள் விடவில்லை. எல்லாம் சரி, வரலாற்றுப்படி இதுதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டாள். நான் வாசித்ததே விளங்காமல் வாசித்தது, இங்கிலீஷ் எனக்கு எங்கே தெரியும் என்றேன். அப்போ நகம், அப்போ நிறம் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பிழை பிழை என்றே சொன்னேன். அவளுடைய முகம் சுருங்கியது. காலையிலிருந்து இவ்வளவு நேரம் போய்விட்டது, இனி எப்படிப் படம் பிடித்து முடிப்பது என்று முணுமுணுத்துக்கொண்டு கமராவின் பக்கம் போய்விட்டாள். பத்து நிமிஷம் எனக்கு ஒரு மகள் இருந்தாள். இருந்ததைக் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

மச்சாள் கிணற்றடியில் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கப் போனேன், தரவில்லை. பொடியனைக் கதிரையில் இருத்தி, முகத்தைத் தானே துடைத்தாள். முதலில் இடது காதைத்தான் துடைத்தாள். மெழுகைக் கிள்ளி எடுக்காமல், நோகிற இடத்தைத் தொடுகிற மாதிரி, விரல் சூட்டில் இளக வைத்து மெதுவாக எடுத்தாள். என்னுடைய பொய் அவளிடம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

“நான் வேற செத்த முகம் கிட்டப் பாத்ததில்ல மச்சாள்,” என்றாள் துடைத்தபடி. “எங்கட அம்மா போகக்குள்ளயும் கட்டார்ல நிண்டன். செத்தவன் எழும்பி வாறான், முகம் செய்ங்க மாமி எண்டு இவள் கேட்டா, நான் எதப் பாத்துச் செய்யிற? நீங்க காட்டின முகந்தான் எனக்கிட்ட இரிக்கி.”

அவள் சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளை பூசினாள், உதட்டுக்குச் சிவப்பு வைத்தாள், எண்ணெய் தொட்டு மயிரை வாரினாள். என்னை விட நன்றாகச் செய்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் சட்டையைப் போட்டு விட்டு, பொடியனை என் பக்கம் திருப்பி, கொலரை நீங்கள் தூக்கி விடுங்கள் என்றாள். நான் இடப்பக்கத்தை உயர்த்தி ஊசி குத்தினேன். கமராவுக்குப் பின்னால் நின்ற மகள், ரெண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அந்தக் காலத்து உடுப்பில் அப்படித்தான் என்று சொன்னாள். வரலாற்றுப்படி அவள் சொன்னது சரி.

“இடப்பக்கம் கூடத்தான் இரிக்கோணும்,” என்றாள் மச்சாள். மாமி சொன்னால் மகளுக்கு மறுபேச்சு இல்லை. அப்படியே எடுத்தார்கள்.

டவுனில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். நானும் மச்சாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். காட்டேரி வாவிக்கரையில் நின்று திரும்பிப் பார்க்கிற இடத்தில், பின்வரிசையில் ஒரு பெண், இப்படி அழகான பேய் வந்து கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். மச்சாள் திரும்பவில்லை. “நான் போயிரிப்பன்,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பெயர்கள் ஓடின. ஒப்பனை என்ற இடத்தில் மச்சாளின் பெயர் மட்டும் வந்தது. எரிந்தது, இந்த முறை கையில் வெங்காயமும் இல்லை. இதை எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தவள், எழுதுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். மகளுக்கு இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும். பெயரைப் பற்றிய எரிச்சல் சில நாளில் அடங்கிவிட்டது. மற்றது அடங்கவில்லை. மச்சாள் இரண்டு முகத்தையும் கண்டாள், இரண்டில் அழகானதை எடுத்து வைத்துக்கொண்டாள். அதைச் செய்தவள் நான். கண்ணை மூடினால் எனக்கு வருவது மற்ற முகம்தான்.